அட்டையில் ஒரு கையெழுத்து

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் "கயிறு" என்றதை நீ "வயிறு" என்று எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் வைத்தியம் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன். வயிறு நன்றாக இருக்கிறது. கயிறுதான் சரியில்லை.

எங்கள் சலவை ஆலையில் ஒரு சுமை லிஃப்ட் உண்டு. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைக் கீழ்த்தளத்தில் துவைத்து, ஈரத்தோடு தள்ளுவண்டியில் அடுக்கி, மூன்றாம் மாடியிலுள்ள உலர்த்தும் கூடத்துக்கு அதில்தான் ஏற்றுகிறோம். அதைத் தாங்குகிற இரும்புக் கயிற்றை மாதாமாதம் சோதிப்பது என் வேலை. சோதிக்கிற விதம் உனக்குப் புரியும், நீ தையல்காரி. ஒரு பழந்துணியைக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓட்ட வேண்டும். அறுந்த இழை இருந்தால் துணியைக் கவ்வும். இந்த மாதம் இரண்டு அடிக்கு ஒரு தடவை கவ்வியது. கயிறு அறுந்தால் கூண்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய பற்களும் துருவேறிக் கிடக்கின்றன.

லிஃப்டின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். அதில் பழுதில்லை என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்ட் ஓடலாம். இந்த மாதம் போடாமல் வைத்திருக்கிறேன். மேலாளர் யாரென்று உனக்குத் தெரியும், எங்கள் சபை மூப்பர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசித்தவர். அவர் சொல்கிறார்: "புதுக் கயித்துக்குச் சொல்லியாச்சு. வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் நிறுத்தினா ஆஸ்பத்திரிக்காரங்க வேற இடம் பாத்துப் போயிடுவாங்க. நம்ம சபைல எத்தனை குடும்பம் இங்க இருக்குன்னு யோசிச்சுப் பாரு. துணிதானே போகுது, ஆளா போறாங்க?"

ஆள் ஏறக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. மூன்று மாடி ஏறச் சலித்துக்கொண்டு எல்லோரும் ஏறத்தான் செய்கிறார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்ன செய்யட்டும்? ஜெபித்துவிட்டு எழுது.

உன் தம்பி


ஜனவரி 23

அன்புத் தம்பிக்கு,

வயிறு நலம் என்று அறிந்து சந்தோஷம். நானும் நலம். காது இன்னும் கொஞ்சம் மந்தம். அதிலும் ஒரு வசதி இருக்கிறது. பிரசங்கத்தில் கண்ணயர்ந்தால், பாவம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் விழா வருவதால் சீருடை குவிந்து கிடக்கிறது. இன்றைக்கு மட்டும் நாற்பது காலர்.

ஜெபித்துவிட்டு எழுதச் சொன்னாய். இதற்கு எதற்கு ஜெபம்? கயிறு நைந்திருக்கிறது என்றால் நைந்திருக்கிறது. போடாதே. மூப்பர் நல்லவர்தான். நல்லவர் கேட்டார் என்பதற்காக நைந்த கயிறு நல்ல கயிறாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை கூப்புகிற கைதானே திங்கட்கிழமை பேனா பிடிக்கிறது?

வேலை போனால் போகட்டும். இருவரும் கிளம்பி இங்கே வாருங்கள். உனக்குப் பட்டன் தைக்கச் சொல்லித்தருகிறேன். அவள் முழங்காலை வெந்நீர்த் துணியால் ஒற்றச் சொல்.

உனக்காக ஜெபிக்கிற
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெந்நீர் ஒற்றியதில் அவளுக்குக் கொஞ்சம் தேவலை.

கயிறு விஷயம் ஒருவழியாக முடிந்தது. மூப்பரின் அறையில் உட்கார்ந்து இருவரும் பேசினோம், சேர்ந்து ஜெபித்தோம். அவருக்கும் எனக்கும் மனக்கசப்பு எதுவும் இல்லை. வேலையும் போகவில்லை. நீ இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இங்கே காலம் தப்பிப் பெய்த மழையில் ஆலயக் கூரை ஒழுகி, பாடகர் குழு நனைந்துகொண்டே பாடியது. மணிக்காரர் ஏறி ஓடு மாற்றினார். ஞாயிறுதோறும் ஆலய மணி அடிப்பவர். மற்ற நாளெல்லாம் எங்கள் ஆலையில் வண்டி தள்ளுபவர். கூரைமேல் நின்றுகொண்டே, "இங்க இருந்து பாத்தா நம்ம போதகருக்கு உச்சியில முடி கொட்டிக்கிட்டு வர்றது தெரியுது. அதுக்கு என்கிட்ட ஓடு இல்ல" என்றார். போதகரே சிரித்துவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 20

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். நீ நிலைத்து நின்றாய், மூப்பரும் மனம் மாறினார், உறவும் கெடவில்லை. நீ வழக்கம்போல் நான்கே வரியில் எழுதினாலும் அதற்குப் பின்னால் எவ்வளவு பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, என் தம்பி என்றேன். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். முடிந்ததும் ஒரு பெண் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய்த் திரும்பத் திரும்பக் கேட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், இருபத்தைந்து வயதிருக்கும், படுத்த படுக்கையான அம்மாவோடு இருக்கிறாள். "நிஜமாவே முடியாதுன்னு சொன்னாரா ஆன்ட்டி? பயமா இல்லையாமா அவருக்கு?" என்றாள். பயம் இருந்தது, ஆனாலும் சொன்னான் என்றேன்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போயிருக்கிறது. தையல் கூன்கூடச் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

அன்புடன்
அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். ஆலையில் வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவளும் சுகம். உன் காதுக்கு அந்த மருத்துவரைப் பார்த்தாயா?

கூட்டங்களில் என்னைப் பற்றிப் பேச வேண்டாம் அக்கா. அந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு.

இங்கே வெயில் ஏறிவிட்டது. புதுக் கயிறு இன்னும் வரவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மருத்துவர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வயது என்று சொன்னார். அதை விளக்கில்லாமலே சொல்லியிருக்கலாம்.

உனக்கு எப்போதும் தன்னடக்கம். பேசாதே என்று நீ எழுதியது வருவதற்குள் இங்கே ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. அந்த மருந்துக்கடையில் காலம் முடிந்த சிரப் பாட்டில்களின்மேல் புதுத் தேதி லேபிள் ஒட்டுவார்களாம். குழந்தைகள் குடிக்கிற சிரப். ஒட்டுவது அவள் வேலை. ஒரு வருடமாக ஒட்டியிருக்கிறாள். போன திங்கட்கிழமை, இனி ஒட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

உனக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தாள். இதோடு வைத்திருக்கிறேன். புதுக் கயிறு வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதுவரை துணியை எப்படி மேலே ஏற்றுகிறீர்கள்? மாடிப்படியில் சுமக்கிறீர்களா? முதுகைப் பார்த்துக்கொள்.

அக்கா

(உள்ளே இருந்த சீட்டு)

அண்ணனுக்கு வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் லேபிள் கட்டை நீட்டியபோது முகம் தெரியாத உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒருவரால் முடிந்திருக்கிறது, அப்படியானால் முடியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எனக்காக ஜெபியுங்கள். எங்களுக்கு நீங்கள் ஒரு தைரியம்.


மே 2

தம்பிக்கு,

நலமா? நான்கு வாரமாக ஒரு வரி இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு வியாழனும் கேட்கிறாள். போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அழுகிற மாதிரி இருந்தது. அது உன் வீடுதானா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு கார்டாவது போடு.

அக்கா


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

போனை எடுத்தது நான்தான். நீங்கள் "கேக்கல, கேக்கல" என்றீர்கள். எனக்கும் சத்தமாகப் பேச முடியவில்லை.

ஏப்ரல் 16 காலை பத்து மணிக்கு ஆலை லிஃப்ட் அறுந்து விழுந்துவிட்டது அண்ணி. உள்ளே மணிக்காரர் இருந்தார், ஈரத்துணி வண்டியோடு. உயிர் தப்பியது. வலது கால் போய்விட்டது, முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கிறது, ஊன்ற முடியுமா என்று தெரியாது என்கிறார்கள்.

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதற்கு முந்தின வாரம் நீங்கள் அனுப்பிய கடிதம் வந்தபோதும் அப்படித்தான், படித்துவிட்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நல்ல செய்திதானே, ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். விசாரணைக்காரர்கள் இரண்டு தடவை வந்துபோனார்கள். எனக்கு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நீங்கள் கேட்டால் சொல்வார். உங்களிடம் எதையும் மறைத்ததில்லையே.

உங்கள் தம்பி மனைவி


மே 20

அக்கா,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் இல்லை. மன்னித்துக்கொள்.

நான் கையெழுத்துப் போட்டேன். ஜனவரியில் போட்டேன். பிப்ரவரியில், மார்ச்சில், ஏப்ரலில் போட்டேன்.

மூப்பர் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவர் அறைக்குப் போனேன். அவர் டீ வரவழைத்தார். பிறகு, "நம்ம ரெண்டு பேராலயும் முடியாதது இது. வா, ஜெபிப்போம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவரே, புதுக் கயிறு வரும்வரை இந்தக் கயிற்றை நீரே தாங்கும், இந்தக் குடும்பங்களைக் கைவிடாதேயும் என்று ஜெபித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் கபடம் இல்லை அக்கா, உண்மையாகவே ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அட்டையும் பேனாவும் மேஜைமேல் இருந்தன. ஆமென் சொன்னவன் பேனாவை எப்படி எடுக்காமல் இருப்பது?

முடிந்தது என்றுதான் உனக்கு எழுதினேன். நீ வேறு மாதிரி புரிந்துகொண்டாய். அதைத் திருத்தி எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். நீ நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன்னைக் குனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் சீட்டு வந்தது. அதைப் படித்த மறுநாள் காலை, இன்றைக்கு அட்டையைக் கிழித்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். லிஃப்டுக்கு முன்னால் நின்றேன். மணிக்காரர் வண்டியோடு வந்து, "என்ன, லிஃப்டுக்குக் காவலா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே ஏறினார். கதவைச் சாத்திவிட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு விழவில்லை. ஏழு நாள் கழித்து விழுந்தது.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேய்ந்திருப்பது தெரிந்தே போட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். வராந்தாவில் மூப்பர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருக்கிறது அவருக்கு. "நம்பித்தானேப்பா ஜெபிச்சேன்" என்றார்.

ஆலைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சபையில் பாதிப்பேருக்கு வேலை இல்லை. என் வாக்குமூலத்தால்தான் மூடிவிட்டார்கள் என்று பேச்சு. கையெழுத்துப் போட்டதற்காக யாரும் என்மேல் கோபப்படவில்லை, உண்மையைச் சொன்னதற்காகத்தான் கோபம். ஞாயிற்றுக்கிழமை நான் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. போதகர் பிறகு வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

ஆஸ்பத்திரி வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

நீ பிப்ரவரியில் எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். கையெழுத்துப் போடவில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. எனக்கு வேண்டியதை நான் படித்துக்கொண்டேன். ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சாட்சியைச் சொல்லும்போது எனக்குச் சுகமாக இருந்தது. கயிற்றைத் தொட்டுப் பார்க்காதவள், உன் மூப்பரின் முகத்துக்கு நேரே ஒருநாளும் உட்காராதவள், இங்கே தையல் நாற்காலியில் இருந்துகொண்டு போடாதே என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டு, உன் கஷ்டத்தை எடுத்து என் சால்வையாகப் போர்த்திக்கொண்டேன். மார்ச்சில் நீ புதுக் கயிறு வரவில்லை என்று எழுதினாயே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குக் காதுதான் கேட்காது, கண் தெரியும்.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அந்த மனிதனுடைய கால் போயிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. இப்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து காலர் மடித்துத் தருகிறாள், வேறு வேலை கிடைக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கை நின்றது. "அப்ப அவரு போட்டுட்டாரா ஆன்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் அவரு போடலன்னு நெனச்சுத்தானே…" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அன்றைக்கு மீதிக் காலர் எல்லாவற்றையும் மடித்துவிட்டுத்தான் போனாள். இப்போதும் வருகிறாள். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை. போன வாரம் கடைப்பக்கம் போயிருக்கிறாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாளாம். அவள் இடத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவள் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. யாரும் வந்து பார்க்கவில்லை.

உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஜனவரியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மணிக்காரரைப் போய்ப் பார் என்று மட்டும் தோன்றுகிறது. பார்த்து என்ன செய்வது என்று கேட்காதே.

சாப்பிடு. அவளிடம் பேசு. அவள் பயந்து போயிருக்கிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டாள். வழக்கு அடுத்த மாதம் வருகிறது. மூப்பருக்கும் எனக்கும் சிறைத் தண்டனை இருக்கலாம் என்கிறார் வழக்கறிஞர். மூப்பர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் அவர் வீட்டுக்குப் போனேன், உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. ஆலை திறக்கவில்லை. நான்கு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. ஆலய மணியைப் போதகரே அடிக்கிறார். அவருக்குத் தாளம் வரவில்லை. யாரும் சிரிப்பதுமில்லை.

நீ சொன்னபடி மணிக்காரரைப் பார்க்கப் போனேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், சமையலறைக்குள் போய்விட்டார். மணிக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு வந்த?" என்றார்.

"தெரியலண்ணே" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, "அவளால என்னத் தூக்க முடியல. குளிச்சு நாலு நாள் ஆச்சு" என்றார்.

அன்றைக்குத் தூக்கிக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினேன். ஒரு காலில்லாத மனிதன் இவ்வளவு கனப்பான் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் போகிறேன். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். முப்பத்தெட்டு நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெந்நீர் மட்டும் குளியலறையில் தயாராக இருக்கும்.

நேற்று முதுகு தேய்க்கும்போது, இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "என்ன மன்னிச்சிருங்கண்ணே."

அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "போதகரும் வந்து சொல்லிட்டுப் போனாரு, மன்னிச்சிருங்கன்னு. மன்னிக்கணும்னு எனக்குத் தெரியும்ப்பா. இருபது வருஷம் மணி அடிச்சவன், அது தெரியாதா? தினமும் உள்ள தேடிப் பாக்கிறேன். வரல. வராதத வந்துருச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

நான் சொம்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை.

அவர், "தண்ணி ஆறுது, ஊத்து" என்றார்.

ஊற்றினேன், அக்கா.

உன் தம்பி